போரும் அமைதியும்: ஏழு மணி நேர ரஷ்யப் படம், நேரம் ஒதுக்கிப் பாக்க வேண்டியது

இந்தப் படத்தப் பத்தி யாரு பேச ஆரம்பிச்சாலும் எத்தன ஆயிரம் பட்டாளத்துக்காரங்க நடிச்சாங்க, எவ்வளவு செலவாச்சு, இதுலயே நின்னுருவாங்க. 1,20,000 பேருன்னு ஒரு கணக்கு வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கு, அதை டைரக்டரே பின்னால மறுத்துட்டாரு, 12,000 பேரு அளவுலதான் இருந்தாங்கன்னு சொல்லிருக்காரு. 12,000ம் சின்ன எண்ணிக்கை கெடையாது, அத்தன பேருக்கும் அந்தக் காலத்து யூனிஃபார்ம், துப்பாக்கி, தொப்பி, சாப்பாடு, படுக்க எடம் எல்லாம் வேணும்லா. ஆனா நாலு பாகமும் முழுசாப் பாத்து முடிச்ச பிறகு எனக்கு மனசுல நிக்கது அந்த எண்ணிக்கையே இல்ல, அவ்வளவு பெரிய கூட்டத்தக் கொண்டாந்து நிறுத்திட்டு அதுக்கு நடுவுல சின்ன உருவமா ஒரு பீரங்கி கேப்டன், அவரு மொகத்த மறக்க விடாம வச்சிருக்காங்க பாத்தியளா, அதுக்காகத்தான் இத எழுதுதேன்.

படம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிருதேன். டால்ஸ்டாய் 1860கள்ல எழுதின நாவல், தமிழ்ல டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்'ங்கற பேர்ல மொழிபெயர்த்தது, நம்ம ஊரு பழைய லைப்ரரிகள்ல தடிதடியா இருக்கும். அதை சோவியத்துல மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ படமா எடுத்துச்சு, டைரக்டர் செர்கேய் பந்தர்ச்சுக். 1962ல ஷூட்டிங் ஆரம்பிச்சு, 1966ல ரெண்டு பாகம், 1967ல ரெண்டு பாகம்னு வெளிய வந்துச்சு, மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு மேல ஓடும். எதுக்கு இவ்வளவு பாடுபட்டாங்கன்னா, 1956ல ஹாலிவுட்காரங்க ஆட்ரி ஹெப்பர்ன வச்சு இதே கதைய எடுத்துட்டாங்க, அது 1959ல சோவியத் தியேட்டர்லயே ஓடி ஜனங்களுக்குப் புடிச்சும் போச்சு. நம்ம வீட்டுக் கதைய அடுத்தவன் வந்து சொல்லிட்டுப் போறானேன்னு ரோஷம் வந்துருச்சு அவங்களுக்கு. அந்த ரோஷத்துக்கு அரசாங்கமே கூட நின்னு, நாப்பதுக்கு மேல மியூசியங்கள்ல இருந்து நெசமான சாமான்களக் குடுத்து, குதிரைப் படை வேணும்னு தனியா ஒரு ரெஜிமெண்டே உண்டாக்கிக் குடுத்து... 1969ல ஆஸ்கர்ல சிறந்த வெளிநாட்டுப் படம் பரிசும் வாங்கிருச்சு.

நாங்க இதப் பாத்தது தக்கலைப் பக்கம் எங்க ஊரு வாசகசாலை மாடியில. இடவப்பாதி மழை பெய்ஞ்சுட்டு இருந்த சமயம், ஞாயித்துக்கிழமை சாயந்தரம் சாயந்தரமா வாரத்துக்கு ஒரு பாகம்னு வச்சு, ப்ரொஜெக்டர்ல வெள்ளைச் சுவத்துல போட்டுப் பாத்தோம். மாஸ்ஃபிலிம்காரங்களே அவங்க யூடியூப் சேனல்ல முழுப்படத்தையும் சும்மாவே போட்டு வச்சிருக்காங்க, பழைய பிரிண்ட டிஜிட்டல்ல சுத்தம் பண்ணினது, இங்கிலீஷ் சப்டைட்டிலோட. தமிழ் சப்டைட்டில் இல்லாததால இங்கிலீஷ் வாசிக்க சிரமப்படுறவங்களுக்கு பக்கத்துல இருந்து நாங்க மாத்தி மாத்தி சொல்லிக் குடுத்தோம், அது கொஞ்சம் தொந்தரவுதான், ஆனா கட்டஞ்சாயாவும் ஏத்தங்கா சிப்ஸும் வச்சுட்டு அத்தன பேரு ஒண்ணா உக்காந்து பாத்தது தனி சுகம். இந்தப் படத்த போன்ல பாக்காதீங்க. இத நான் கெஞ்சியே கேக்கேன். 70 எம்.எம்.க்காக எடுத்த படம், ஒரு ஃப்ரேமுக்குள்ள முன்னால ஒருத்தன் செத்துக் கெடப்பான், அவனுக்குப் பின்னால குதிரை ஓடும், அதுக்கும் பின்னால அடிவானம் வரைக்கும் வரிசை வரிசையா ஆளு வந்துட்டு இருக்கும், அதெல்லாம் உள்ளங்கையில வச்சுப் பாத்தா வெறும் பொகையாத்தான் தெரியும்.

கதை ஆரம்பத்துல பேருங்க தலைய சுத்த வைக்கும். ஒரே ஆளுக்கு மூணு பேரு இருக்கும். முதல் அரை மணி நேரம் பூராவும் பீட்டர்ஸ்பர்க் பணக்கார வீட்டு விருந்துல பேச்சுதான், பிரெஞ்சுல பேசுவாங்க, அதுக்கு மேலயே ரஷ்யக் கொரல் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கும், கீழ சப்டைட்டில் ஓடும், யாரு யாருக்கு என்ன உறவுன்னு புரியாம நாலஞ்சு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. போகாதீங்க. மூணு பேரப் புடிச்சுக்கிடுங்க போதும். பியர், கண்ணாடி போட்ட தடியன், அப்பா சொத்து திடீர்னு கைக்கு வந்தவன், நல்லவன், என்ன செய்யணும்னு தெரியாதவன். ஆந்த்ரேய், அவனோட கூட்டாளி, ராணுவ ஆபீசர், வாழ்க்கை வெறுத்துப் போயி சண்டையில பேரு வாங்கணும்னு கெளம்புறவன். நடாஷா, ஆரம்பத்துல சின்னப் புள்ள, நம்ம கண்ணு முன்னாலயே வளருவா. மத்தவங்க எல்லாம் இந்த மூணு பேரச் சுத்தி வந்து போவாங்க, நெப்போலியன் உள்பட.

முதல் பாகத்துலதான் நான் சொன்ன கேப்டன் வாறாரு, பேரு தூஷின். 1805ல ஆஸ்திரியா மண்ணுல நடக்க சண்டை, ரஷ்யப் படை பின்வாங்கிப் போகுது, இவரு பேட்டரிய, அதாவது இவரோட பீரங்கிக் குழுவ, எல்லாரும் மறந்தே போயிருவாங்க, பின்வாங்கச் சொல்லி உத்தரவே அவருக்கு நேரத்துக்கு வந்து சேராது, அவரு பாட்டுக்கு நாலு பீரங்கிய வச்சு சுட்டுட்டே இருப்பாரு, அவரு நின்னதாலதான் மத்தவங்க தப்பிச்சுப் போவாங்க. சண்டை முடிஞ்ச பிறகு மேலதிகாரி கூப்புட்டு பீரங்கிய ஏன் விட்டுட்டு வந்தன்னு ஏசுவாரு. இந்த மனுஷன் உதடு நடுங்க நின்னுட்டு இருப்பாரு, பக்கத்துல காவலுக்கு ஆளே இல்லன்னு சொன்னா வேற ஒருத்தர மாட்டி விட்ட மாதிரி ஆயிருமேன்னு அதையும் சொல்ல மாட்டாரு. நிக்கோலாய் த்ரஃபீமவ்னு ஒரு நடிகர் பண்ணிருக்காரு, ரொம்பக் கொஞ்ச நேரந்தான் வருவாரு.

எங்க கூட உக்காந்து பாத்ததுல பக்கத்து வீட்டு மாமா ஒருத்தரு, ஆர்ட்டிலரில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அதுவரைக்கும் சாயாவ ஆத்திக் குடிச்சுட்டு சும்மா இருந்தவரு இந்த சீன்ல நிமிந்து உக்காந்தாரு. முடிஞ்சதும் என்னயப் பாத்து, "மக்களே, பீரங்கி பக்கத்துல நிக்கவனுக்கு பயம் வராது கேட்டியா, கைக்கு வேலை இருக்கும்லா. சத்தம் எல்லாம் நின்ன பிறகுதான் காலு வெறைக்கும். இத எழுதினவன் சண்டையில நின்னவன்தான்" அப்படின்னாரு. மாமா, டால்ஸ்டாய் கிரிமியாவுல செவஸ்தபோல் முற்றுகையில பீரங்கிப் படை ஆபீசராவே இருந்தவருன்னு நான் சொன்னதும், "பாத்தியா, அப்பமே நெனச்சேன்"னு அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரத்துல இருந்து எல்லாருக்கும் முன்னால வந்து முதல் வரிசை நாற்காலியப் புடிச்சுருவாரு.

அப்பறம் ஆஸ்டர்லிட்ஸ் சண்டை. ஆந்த்ரேய் கொடியப் புடிச்சுட்டு ஓடி அடிபட்டு விழுதான், விழுந்து கெடக்கவன் கண்ணுக்கு மேல வானம் மட்டுந்தான் தெரியுது, மேகம் போயிட்டு இருக்கு, சண்டைச் சத்தம் பூராவும் எங்கயோ போயிருது. அவன் கும்பிட்டுட்டு இருந்த நெப்போலியனே பக்கத்துல வந்து நின்னு அவனப் பத்தி நல்ல வார்த்தை சொல்லுதாரு, ஆனா அந்த வானத்தப் பாத்த பிறகு இந்த ஆளு ஆந்த்ரேய்க்கு ரொம்ப சின்னதாப் போயிருதாரு. புத்தகத்துல பல பக்கம் வாற யோசனை, படத்துல வானம், ஒரு மொகம், கொஞ்சம் மௌனம், அவ்வளவுதான்.

ரெண்டாம் பாகம்தான் எனக்கு எல்லாத்துலயும் உயர்ந்தது. இதுல சண்டையே கெடையாது. நடாஷாவா நடிச்ச லுத்மிலா சவேல்யெவா லெனின்கிராடுல பாலே நடனம் படிச்ச பொண்ணு, இருவது வயசு அளவுலதான் இருக்கும் நடிக்க வந்தப்ப. அவளோட முதல் பெரிய நடன விருந்து சீன் இருக்கு, ஹால் பூராவும் மெழுகுவத்தி வெளிச்சம், நூத்துக்கணக்கான ஜோடி ஆடிட்டு இருக்கு, இவ ஒரு ஓரத்துல நின்னு யாராவது வந்து என்னையக் கூப்புடுவாங்களான்னு பாத்துட்டு நிக்கா, அழுகை முட்டிட்டு வருது, அடக்கிட்டு நிக்கா. அப்பறம் ஆந்த்ரேய் வந்து கை நீட்டுதான். இந்த சீன் எடுக்க கேமராக்காரங்க காலுல ரோலர் ஸ்கேட் மாட்டிட்டு ஆடுறவங்களுக்கு நடுவுலயே உருண்டு போயி எடுத்திருக்காங்க, அதனால நாம வெளிய நின்னு வேடிக்கை பாக்க மாதிரியே இல்ல, அவளுக்குத் தலை சுத்துறப்ப நமக்கும் சுத்துது. வாசகசாலைக்கு தையல் கிளாஸ் முடிச்சுட்டு வந்த அக்காமாரு நாலு பேரு வாசப்படியில சும்மா எட்டிப் பாத்தவங்க உள்ள வந்து உக்காந்துட்டாங்க, கடைசி வரைக்கும் போகல, அவங்களுக்கு மொதப் பாகம் என்னன்னே தெரியாது.

அதே பாகத்துல வேட்டை முடிஞ்சு ஒரு மாமா வீட்டுக்குப் போவாங்க, மரத்தால ஆன கிராமத்து வீடு, காளான், தேன்னு அந்த ஊருச் சாப்பாடு, அவரு கிடார எடுத்து வாசிக்க நடாஷா எந்திரிச்சு ஆடுவா. பிரெஞ்சு டீச்சர் வச்சு வளத்த பட்டணத்துப் பொண்ணு, யாரும் சொல்லிக் குடுக்காத நாட்டுப்புற ஆட்டம் அவ தோள்லயும் கையிலயும் தானா வருது, வேலைக்காரங்க நின்னு வாய் பொளந்து பாக்காங்க. இதே பொண்ணு கொஞ்ச நேரம் கழிச்சு அனதோல்ங்கற ஒரு அழகன நம்பி ஏமாந்து தன் வாழ்க்கையக் கெடுத்துக்கிட போவா, நமக்கு அவ மேல கோவமே வராது, ஏன்னா இந்த ஆட்டத்தப் பாத்துட்டோம்லா, அந்த மனசுக்கு நிதானம் எங்க இருந்து வரும்.

மூணாம் பாகம் 1812. நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ள நொழஞ்சுட்டாரு. பாகத்தோட பெரும்பகுதி பரதினோ சண்டைதான், 1812 செப்டம்பர் 7, ஒரே பகல்ல ரெண்டு பக்கமும் சேத்து 70,000 பேருக்கு மேல செத்தும் காயப்பட்டும் விழுந்த நாள். நெசமான பரதினோ மைதானம் நெறைய நினைவுச் சின்னமா ஆயிட்டதால ஸ்மோலென்ஸ்க் பக்கம் தரகபூஷ்ங்கற எடத்துல 1963ல எடுத்திருக்காங்க. கம்பியக் கட்டி அதுல கேமராவ ஓட விட்டு ஆளுங்க தலைக்கு மேலயே பறக்க விட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் கெடையாது. தூரத்துல தெரியுற ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனுஷன். கோட்டாறு சவேரியார் கோயில் தேர் அன்னைக்கு மொட்டை மாடியில ஏறி நின்னு கீழ பாத்தா எப்படி, வெறும் தலையாத் தெரியும், ஆனா அதுல ஒவ்வொரு தலையும் ஒரு வீட்டுல இருந்து கெளம்பி வந்ததுன்னு நமக்குத் தெரியும்லா, அதே உணர்வு இந்த சீன்ல வந்துச்சு எனக்கு. இப்ப வாற சரித்திரப் படங்கள்ல ஒரு ஆள எடுத்து ஆயிரமாப் பெருக்கி விடுதாங்க, அவன் விழுந்தா நமக்கு ஒண்ணும் ஆக மாட்டேங்குது. இதுல விழுந்தா நெஞ்சு அடைக்குது.

இந்த எடத்துலதான் டைரக்டர் என்ன செஞ்சிருக்காருன்னு கவனிக்கணும். கேமரா மேல போகப் போக தளபதிங்க எல்லாம் காணாமப் போயிருதாங்க. நெப்போலியன் ஒரு மேட்டுல உக்காந்து உத்தரவு போட்டுட்டே இருக்காரு, அந்த உத்தரவு கொண்டு போறவன் போயிச் சேருறதுக்குள்ள அங்க நெலமை மாறிப் போயிருது. இந்தப் பக்கம் ரஷ்யத் தளபதி குதூசவ், ஒத்தைக் கண்ணு தெரியாத கெழவரு, அசையாம உக்காந்து வாறவன் போறவன் சொல்லுறதக் கேட்டுட்டு இருக்காரு, தன் ஆளுங்க மனசு ஒடையாம இருக்கான்னு மட்டுந்தான் பாக்காரு. சண்டைய யாரும் நடத்தல, அது தானா நடக்குது, அதுல மாட்டினவன் மாட்டினவன்தான். டால்ஸ்டாய் புத்தகத்துல பக்கம் பக்கமா வாதாடின விஷயம் இதுதான், அந்தப் பகுதிய வாசிக்கப்ப எனக்கு எரிச்சலாக் கூட இருந்துச்சு, படத்துல அதே விஷயம் கேமரா ஏறி எறங்குறதுலயே புரிஞ்சு போச்சு. இதுக்கு நடுவுல நம்ம பியர், பட்டாளத்துக்காரன் கூட இல்ல, சாதா உடுப்புல வெள்ளத் தொப்பி போட்டுட்டு சண்டை பாக்கணும்னு வந்து நிக்கான், மொதல்ல பேட்டரியில உள்ள பயலுவ அவனப் பாத்து சிரிக்கானுவ, அப்பறம் தங்கள்ல ஒருத்தனா சேத்துக்கிடுதானுவ, கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிச்ச மொகம் ஒவ்வொண்ணா இல்லாமப் போகுது.

ஆனா மூணாம் பாகம் நீளம்தான், சொல்லாம இருக்க முடியாது. பொகை, வெடி, குதிரை, பொகை, வெடி, குதிரைன்னு ஒரு கட்டத்துல எந்தப் பக்கம் யாரு ஓடுதான்னே தெரியல, பத்து நிமிஷம் வெட்டியிருந்தா இன்னும் பலமா இருந்திருக்கும்னு எனக்கு அபிப்பிராயம். மாமாகிட்ட கேட்டேன், அவரு ஒத்துக்கிடல. "உள்ள நிக்கவனுக்கும் ஒண்ணும் தெரியாதுல்லா மக்களே"ன்னு சொல்லிட்டாரு.

நாலாம் பாகத்துல மாஸ்கோ எரியுது. இதுக்குன்னே வலகலாம்ஸ்க் பக்கம் ஒரு பழைய மடத்துக்குப் பக்கத்துல செட்டு போட்டு நெசமாவே கொளுத்தியிருக்காங்க, காத்துல பறக்க சாம்பலும் தீப்பொறியும் நடிகருங்க மேலயே விழுது. அதுக்கு முன்னால ஒரு விஷயம் நடக்கும், அதுதான் என்னய ரொம்பக் கலங்க வச்சது. நடாஷா வீட்டுக்காரங்க ஊரக் காலி பண்ணிட்டுப் போக வண்டியில சாமான் எல்லாம் ஏத்தி வச்சிருப்பாங்க, முத்தத்துல அடிபட்ட சிப்பாய்ங்க கெடப்பாங்க, கூட்டிட்டுப் போக ஆளில்லாம. இந்தப் பொண்ணு அம்மாகிட்ட சண்டை போட்டு வண்டியில இருந்த கம்பளம், பாத்திரம் எல்லாத்தையும் எறக்க வச்சு அவங்கள ஏத்த வைப்பா. வரலாறு பூராவும் ராஜாவும் தளபதியுமா எழுதி வச்சிருக்கு, ஆனா அன்னைக்கு அங்க மனுஷனுக்கு உபகாரமா நடந்தது இந்த வண்டி காலி பண்ணினதுதான்.

பியர் கைதியாப் போறது, பிரெஞ்சுக்காரன் ஆளுங்கள வரிசையா நிறுத்தி சுடுறத அவன் பாக்கது, பிளாட்டன் கரத்தாயெவ்னு ஒரு சம்சாரி அவனுக்கு உருளைக்கெழங்கு குடுத்து வாழச் சொல்லிக் குடுக்கது, எல்லாம் அருமை, கொஞ்சம் அவசரமா ஓட்டிட்டாங்க. கடைசியில தோத்து பனியில செத்துப் போயிட்டு இருக்க பிரெஞ்சுப் படையக் காட்டி குதூசவ் தன் ஆளுங்ககிட்ட சொல்லுவாரு, அவன் பலமா இருக்கப்ப நாம நம்ம உயிரயே பாக்கல, இப்ப அவனப் பாத்து எரக்கப்படலாம், அவனும் மனுஷன்தானன்னு. ரெண்டாம் உலகப் போர்ல படுநாசம் ஆன நாடு, போர் முடிஞ்சு 22 வருஷத்துல இந்த வசனத்தத் தன்னோட பெருமைக்கு எடுத்த படத்துல வச்சிருக்குங்கறத நெனச்சா எனக்கு மரியாதை கூடுது.

கொறைன்னு பாத்தா, பந்தர்ச்சுக்கே பியரா நடிச்சிருக்காரு. நல்ல நடிகர்தான், கண்ணுல அந்த வெகுளித்தனம் இருக்கு, ஆனா கதையில ஆரம்பத்துல இருவது வயசுப் பையன், இவருக்கு ஷூட்டிங் ஆரம்பிக்கப்பவே நாப்பது தாண்டியாச்சு. டைரக்ஷனும் நடிப்பும் சேத்துத் தூக்கி நடுவுல மாரடைப்பு வந்து சாவு வரைக்கும் போயி வந்தவரு, அதனால கடுமையா சொல்ல மனசு வரல, ஆனா நடாஷா பக்கத்துல நிக்கப்ப வயசு உறுத்தத்தான் செய்யுது. அடுத்தது, நடாஷாவோட அண்ணன் நிக்கோலாயும் ஆந்த்ரேயோட தங்கச்சி மரியாவும் புத்தகத்துல எவ்வளவு பெரிய கதை, அதை அநியாயமா வெட்டிட்டாங்க. மரியாவா நடிச்ச அந்தனீனா ஷுரானவா கண்ண வச்சே பேசுறவங்க, அவங்களுக்கு இன்னும் எடம் குடுத்திருக்கணும். புத்தகத்தோட கடைசிப் பகுதி, கல்யாணத்துக்குப் பிறகு உள்ள குடும்ப வாழ்க்கை, அதுவும் கெடையாது.

ஒரு விஷயம் மனசுல கெடந்து அரிக்குது, சொல்லிருதேன். நெப்போலியன் அங்க ஐரோப்பாவ ஆட்டிட்டு இருந்த அதே காலத்துல, 1809 பிப்ரவரில, நம்ம ஆரல்வாய்மொழி கோட்டைய வெள்ளக்காரன் படை ஒடைச்சுட்டு உள்ள வந்துச்சு. தலக்குளத்துல பொறந்த வேலுத்தம்பி தளவாய் நடத்தின போர் அது. அதுக்கு முன்னால 1741ல குளச்சல்ல டச்சுக்காரன மார்த்தாண்டவர்மா படை தோக்கடிச்சுது, புடிபட்ட டிலனாய் இங்கயே தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள்ள அடக்கமாயி இருக்காரு, எங்க வாசகசாலையில இருந்து பைக்குல கொஞ்ச நேரந்தான். இந்த ஊருல எத்தன தூஷின் மறக்கப்பட்டுக் கெடக்காங்களோ, யாராவது ராஜா பெருமைய விட்டுட்டு ஆரல்வாய்மொழி மதில்ல நின்ன சாதாரண ஆளப் பத்தி இந்த மாதிரி ஒரு படம் எடுக்கணும். எனக்கு ரொம்ப ஆசை.

பாக்க நெனைக்கவங்களுக்கு: ஒரே நாள்ல நாலையும் பாக்காதீங்க, மொதப் பாகம்தான் நீளம், ரெண்டரை மணி நேரம் கிட்ட வரும், மத்த மூணும் ஒண்ணேகால்ல இருந்து ஒண்ணேமுக்கால் மணிக்குள்ள முடிஞ்சுரும். ஸ்பீக்கர் நல்லதா வைங்க, அவ்ச்சின்னிகவ்னு அப்ப சின்ன வயசுப் பையன் போட்ட மியூசிக், நடன விருந்துல வாற அந்த வால்ட்ஸ் இசை ஒண்ணுக்கே ஸ்பீக்கர் செலவு தகும். வேட்டை சீன்ல ஓநாயப் புடிக்கது, சண்டையில குதிரை விழுறது எல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு வேண்டாம், பத்தாங்கிளாஸ் தாண்டினவங்கள தாராளமாக் கூட்டிட்டு உக்காருங்க. புத்தகம் வாசிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா பாத்த பிறகு வாசிக்கணும்னு தோணும், எங்க வாசகசாலையில அந்தப் புத்தகத்த இப்ப முறை வச்சு எடுத்துட்டுப் போறாங்க.

தமிழ் சப்டைட்டில் வேலைய நாங்க ரெண்டாம் பாகத்துல இருந்து தொடங்கியிருக்கோம், அந்த நடன சீன் வரைக்கும் முடிஞ்சிருக்கு. ரஷ்யன் தெரிஞ்சவங்க, இல்ல புத்தகத்தத் தமிழ்ல நல்லா வாசிச்சவங்க யாராவது மிச்சத்துக்குக் கை குடுக்க முடியும்னா சொல்லுங்க, மூணாம் பாகத்துல ராணுவப் பதவிப் பேருங்களுக்கு மாமா இருக்காரு, பிளாட்டன் கரத்தாயெவ் பேசுற பழமொழிகளுக்குத்தான் ஆளு வேணும்.